சகலை, அந்த ஆப்சென்ட் நான்தான்

மதிப்பும் பிரியமும் மிக்க சகலை அவர்களுக்கு, மூத்த சகலை எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் வீட்டம்மாவின் அக்காவும் அவரவர் மாத்திரையை அவரவர் வேளைக்குப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மைத்துனியும் உங்கள் மருந்துக்கடையும் அதே சௌக்கியத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருந்துக்கடைக்காரரைப் பார்த்து வியாபாரம் பெருகட்டும் என்று வாழ்த்தினால் ஊரெல்லாம் காய்ச்சல் வரட்டும் என்று வாழ்த்தியதுபோல ஆகிவிடும். ஆகவே வியாபாரம் அளவாக நடக்கட்டும், வருகிறவர்கள் தலைவலியோடு மட்டும் வரட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். கடையிலேயே படித்துவிட்டு இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயாவது வைத்துவிடுங்கள். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போன் அக்கா தங்கை இருவருடைய ராஜ்யம். அங்கே நாம் ரகசியம் பேசுவது, எலி பூனையின் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வதுபோல.

விஷயத்துக்கு வருமுன் போன பாடத்தை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் பழைய பாடத்தைச் சொல்லாமல் புதுப் பாடம் தொடங்கினால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நாம் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அந்த வீட்டுப் பேச்சு தெலுங்கு, நம்முடையது தமிழ். அக்கா எனக்கு, தங்கை உங்களுக்கு. இருவரும் நம்மிடம் பேசுகிற தமிழில் ஒரு குறை சொல்ல முடியாது. நம்மைத் திட்டுவதற்கு அவர்கள் ஒரு நாளும் சொல்லுக்குத் திண்டாடியதில்லை. ஆனால் அக்காவும் தங்கையும் சேர்ந்துவிட்டால் தெலுங்குதான். நாம் இருவரும், உதாரணமாகச் சொல்கிறேன், தெரியாத மொழியில் அறிவிப்புச் செய்கிற ரயில் நிலையத்தில், நம் வண்டி வந்துவிட்டதா போய்விட்டதா என்று புரியாமல் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பயணிகளைப்போல உட்கார்ந்திருப்போம்.

வேலையில் இருந்தவரை இது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. மத்தியான வேளையில் நான் வீட்டில் இருந்ததே கிடையாது, ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, தினமும் சாப்பாடு முடிந்து பாத்திரத்தைக் கவிழ்த்ததும் அவள் உங்கள் வீட்டுக்குப் போன் போடுகிறாள். போட்டுச் சிரிக்கிறாள். சகலை, நான் அந்தச் சிரிப்பை அதுவரை கேட்டதில்லை. என்னிடம் சிரிப்பது டீ ஆற்றுகிற சத்தம் அளவுக்குத்தான் இருக்கும். போனில் சிரிப்பது குக்கர் விசில். மூச்சு வாங்கும், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். "என்ன விஷயம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, தமிழ்ல சொன்னா சிரிப்பு வராது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் மனசு சரியில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவளுடைய பெரிய சிரிப்பு எனக்கு வெளியூராகவே இருந்திருக்கிறது. யாரும் தமிழில் எடுத்துச் சொல்லாமல், ஒரே ஒரு தடவையாவது, அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அவள் சிரிக்கிற அதே நேரத்தில் எனக்குப் புரிய வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

இதைத்தான் நீங்கள் இருவரும் போன தடவை வந்திருந்தபோது மொட்டை மாடியில் உங்களிடம் சொன்னேன். "அண்ணே, நீங்க போய்ப் படிங்க, எனக்குக் கடையை விட்டு நகர முடியாது. ரெண்டு பேரும் என்னதான் பேசறாங்கன்னு எனக்கும் அப்பப்பச் சொல்லிடுங்க"ன்னு நீங்கள்தான் உற்சாகப்படுத்தினீர்கள். அந்த உற்சாகத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போய், தெலுங்கு மொழி, இலக்கியம், பண்பாடு பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு. தேர்வில் பாஸ் ஆனதும் நேராக வீட்டுக்கு வந்து, அவள் எதிரில் நின்று தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசி அசத்திவிட வேண்டும், அதுவரை மூச்சுவிடக்கூடாது என்று திட்டம். வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று சொன்னேன்.

"சங்கத்துல அப்படி என்னங்க பேசுவீங்க?"

"பென்ஷன்."

"ரெண்டு நாளுமா?"

"நெறையப் பென்ஷன்."

"பென்ஷனுக்கு எதுக்குங்க ஸ்கேல், பென்சில், ரப்பர்?"

"செயலாளர் கோடு போட்டு எழுதச் சொல்றார்."

அவள் டிபன் டப்பாவையும் குடையையும் கையில் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமிதத்தோடு பஸ் ஏறினேன்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்தேனா, உள்ளே இருந்தவர்கள் என் நரையையும் சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாவையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். எழுந்து நிற்கிற வகுப்பைக் கண்டால் என் கை தானாக "உட்காருங்க" என்று அசையும், கால் தானாகக் கரும்பலகைப் பக்கம் போகும். போய்விட்டது. அழிப்பானை எடுத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் பெண் உள்ளே வந்து, முன்வரிசையில் அமர்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். தொடக்கவிழாவுக்கு யாரோ பெரிய பேராசிரியரை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். அவள்தான் எங்கள் டீச்சர். எனக்கு நாலு மகள் இருந்தால் கடைசி மகளாக இருக்கிற வயசு. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான், நான் அவரை 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். பாடம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் எதற்காகத் தெலுங்கு படிக்க வந்தோம் என்று சொல்லச் சொன்னார். என் பக்கத்து நாற்காலி நர்ஸம்மா, வார்டில் வருகிற தெலுங்குக்காரர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும் என்றார். லாரி ஆபீஸ்காரர், டிரைவர்கள் திட்டுவது புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை பற்றவில்லை என்றார். என் முறை வந்தது. இலக்கிய ஆர்வம் என்று சொல்லத்தான் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "என் மனைவி தெலுங்குலதான் மனசுவிட்டுச் சிரிக்கிறாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கணும்"னுட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

எழுத்து எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. காரணம் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். தெலுங்கு எழுத்து வட்டம் வட்டமாக இருக்கும், அதில் முக்கால்வாசி எழுத்தின் தலையில் ஒரு சின்ன டிக் இருக்கும். ஆமாம், நாங்கள் விடைத்தாளில் 'சரி' என்று போடுவோமே, அதே டிக். ஆயுள் முழுக்க டிக் போட்டவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் கண்ணுக்கு அந்தப் புத்தகம் முழுவதும் ஏற்கெனவே திருத்தப்பட்டு நூற்றுக்கு நூறு வாங்கியதுபோலத் தெரிந்தது. இலக்கியத்தில் பழைய பாட்டுகள் வந்தன, கடினமாக இருந்தாலும் காதுக்கு இதமாக இருந்தன. பண்பாட்டுப் பாடத்தில் உறவுமுறைகள் வந்தன. உங்களையும் என்னையும் தெலுங்கில் 'தோடல்லுடு' என்பார்களாம். துணைக்கு நிற்கிற மாப்பிள்ளை என்று அர்த்தம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ரயில் நிலையத்தில் ஒருவருக்கொருவர் துணையாகத்தானே உட்கார்ந்திருந்தோம்?

சங்கடம் வகுப்புத் தேர்வில்தான் தொடங்கியது. முதல் தேர்வில் நானும், எனக்கு இடப்பக்கம் நர்ஸம்மாவும், வலப்பக்கம் லாரி ஆபீஸ்காரரும், பின்னால் இரண்டு பேரும் ஒரே மதிப்பெண் வாங்கினோம். ஒரே தப்பையும் பண்ணியிருந்தோம். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், நீங்க எழுதும்போது சத்தமாச் சொல்லிச் சொல்லி எழுதறீங்க. எல்லாரும் அதைக் கேட்டு எழுதிடறாங்க"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருஷம் 'எழுதிக்கோங்க பிள்ளைங்களா' என்று சொல்லிச் சொல்லி நோட்ஸ் கொடுத்ததில், கையில் பேனா எடுத்தால் வாயும் கூடவே திறந்துகொள்கிறது, எனக்கே தெரிவதில்லை! தொட்டில் பழக்கம்கூட விட்டுவிடும்போல, வகுப்பறைப் பழக்கம் விடாது. அதன்பிறகு தேர்வென்றால் என்னை வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். லாரி ஆபீஸ்காரர் நாற்காலியை மெல்ல மெல்ல வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டு வருவார், பாவம்.

வீட்டில் இந்தத் தொந்தரவு இல்லை. வீட்டுப்பாடத்தை எல்லாம் மாடி அறையில், கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டு ரகசியமாக எழுதிவிடுவேன்.

இனி நீங்கள் ஆவலாகக் காத்திருக்கிற விஷயம். போன் பேச்சு. ஆரம்பத்தில் அது மிக்ஸியில் கடுகைப் போட்டு ஓடவிட்டதுபோல இருந்தது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, சொன்னால் நம்பமாட்டீர்கள், மாடிப்படியில் பேப்பரோடு உட்கார்ந்தால் அவள் பேசுவது தனித்தனிச் சொல்லாக, முத்து முத்தாக எனக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. என் காதின் கூர்மையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. டீச்சர் காய்கறிப் பெயர்கள் நடத்திய வாரம் பார்த்து, அவர்கள் இருவரும் வாரம் முழுக்கக் காய்கறியைப் பற்றியே பேசினார்கள். கத்தரிக்காய் என்றாள், வெண்டைக்காய் என்றாள், பூசணிக்காய் பெரியது, எலுமிச்சங்காய் சின்னது என்றாள். இறந்தகாலம் நடத்தியபோது, நேற்று நான் துணி துவைத்தேன், நேற்று நீ என்ன செய்தாய் என்று ஒரே இறந்தகாலம். கிழமை, நிறம், இடம், வலம் எல்லாம் இப்படியே. படிக்கிறவனுக்கு இயற்கையே துணை செய்யும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள், அப்போது நம்பவில்லை. பழைய பாட்டுகள் வந்த வாரத்தில் அவள் போனிலேயே ஒரு பாட்டைச் சொல்லி, சொல்லுக்குச் சொல் அர்த்தமும் சொன்னாள். தங்கைக்கு மறந்துவிட்டதுபோலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒன்றுதான் எனக்குக் கவலை, அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். என் மைத்துனிக்குக் காது மந்தமாகி வருகிறது, சகலை. அக்கா எதைச் சொன்னாலும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பதிலும் எனக்குக் கேட்கிறது, ஏனென்றால் இவள் இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். அதுவும் மெதுவாகத்தான் வருகிறது. கடையில் இருக்கிற சொட்டு மருந்தை ஊற்றிச் சமாளிக்காமல் நல்ல காது டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பயமில்லை.

உங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வருஷம் முழுக்கக் கேட்ட வகையில் சொல்கிறேன். நீங்கள் நல்லவர், உயரமானவர், உங்கள் சட்டை நீல நிறம், உங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்கு வலது பக்கம். இதற்கு மேல் உங்களைப் பற்றி ஒரு பொல்லாப்புக்கூடக் கிடையாது. நாம் எவ்வளவு காலம் வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறோம் பாருங்கள்! இதோடு வேறொன்றும் கவனித்தேன். இந்த வருஷம் போனில் அந்தக் குக்கர் விசில் அவ்வளவாக இல்லை. சொல்லெல்லாம் புரிகிறது, சிரிப்பைத்தான் காணோம். காய்கறியைப் பற்றிப் பேசினால் யாருக்குச் சிரிப்பு வரும்? வயசாகிறது, சிரிப்பும் குறைகிறதுபோலும் என்று நினைத்தேன். நான் போய்ச் சேருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்களே என்று இருந்தது.

இப்போது ஆண்டுத் தேர்வு. சகலை, இதை எழுதவே கை கூசுகிறது. அன்றைக்கு வாயைக் கட்டிப்போட வேண்டும் என்று ஏலக்காய் ஒன்றை நாக்கின் கீழ் ஒதுக்கிக்கொண்டு போனேன். வாயைக் கட்டினவன் காலைக் கட்ட மறந்துவிட்டேன். பழக்கப்படி எல்லாருக்கும் முன்னால் போய், ஹால் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண்காணிப்புக்கு முதல் தடவையாக வந்த ஓர் ஆராய்ச்சி மாணவர், கட்டுக்கட்டாக விடைத்தாள்களைச் சுமந்துகொண்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும், "அப்பாடா, சார் வந்துட்டீங்களா! கொஞ்சம் இதைக் கொடுக்க ஆரம்பிச்சிடுங்க, என்னை ஆபீஸ்ல கூப்பிடறாங்க, என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்"னு சொல்லி விடைத்தாள் கட்டு, கேள்வித்தாள் உறை, வருகைத்தாள் எல்லாத்தையும் என் கையில வெச்சுட்டாரு. உதாரணத்துக்குச் சொல்றேன், வண்டி இழுத்துப் பழகின மாட்டோட கழுத்துல நுகத்தடியை வெச்சா அது 'நான் ஓய்வு பெற்ற மாடு'ன்னா சொல்லும்? நடக்கும். நானும் நடந்தேன். இடமிருந்து வலமா விடைத்தாள் கொடுத்தேன், "நம்பர் எழுதுங்க, மார்ஜின் போடுங்க, பதற வேண்டாம்"னேன், உறையைப் பிரிச்சுக் கேள்வித்தாள் கொடுத்தேன். அப்படியே வருகைத்தாளை எடுத்து நம்பர் நம்பரா டிக் அடிச்சுக்கிட்டு வந்தா, மூணாவது வரிசையில் ஓர் இடம் காலி.

எனக்கு ஒரே வருத்தம். வருஷம் முழுக்கப் படிச்சுட்டு, பரீட்சைக்கு வராம எங்கே போனான் இவன்? வீட்ல என்ன கஷ்டமோ, இல்லை பொறுப்பில்லாத ஜென்மமோன்னு நெனச்சுக்கிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து அந்த நம்பருக்கு நேரே 'ஆப்சென்ட்' போட்டேன். அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

பக்கத்து இடத்து நர்ஸம்மா, "சார்... சார்..."ன்னு கையாட்டினாங்க. "பேசக்கூடாது, பேப்பரைப் பாருங்க"ன்னேன். அவங்க காலி நாற்காலியைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்ல வந்தாங்க. "வராதவரைப் பத்தி உங்களுக்கு என்னம்மா கவலை, உங்களோடதை எழுதுங்க"ன்னு கொஞ்சம் அதட்டலாவே சொல்லிட்டேன். லாரி ஆபீஸ்காரர் வழக்கம்போல நாற்காலியை நர்ஸம்மா பக்கம் நகர்த்திக்கிட்டே வந்தார். அவரை எழுப்பி, "இப்படி வாங்க, தனியா உட்கார்ந்து நிம்மதியா எழுதுங்க"ன்னு கொண்டுபோய் அந்தக் காலி இடத்துலயே உட்கார வெச்சேன். அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பாத்துட்டு, பரிதாபமா, "சார், இது உங்க..."ன்னு ஆரம்பிச்சார். "இது நம்ம எல்லார் நன்மைக்கும்தான்"னு முடிச்சுவெச்சேன்.

மணி அடிச்சது. தாள்களை வாங்கி, அடுக்கி, எண்ணி, நூல் போட்டுக் கட்டி, ஒருவர் ஆப்சென்ட்னு கணக்கு நேர் பண்ணிக் கையெழுத்தும் போட்டாச்சு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு வேர்வையைத் துடைக்கும்போது நர்ஸம்மா கிட்ட வந்து, நோயாளிகிட்ட கெட்ட சேதி சொல்ற குரல்ல, "சார், உங்க பேப்பர் எங்க சார்?"ன்னாங்க.

ஏலக்காய் தொண்டையில் இறங்கிவிட்டது.

அதற்குள் ஆபீஸ் வேலையில் மாட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவரும் டீச்சரும் வந்து சேர்ந்தார்கள். காகிதப்படி நான் மாணவனாக வரவில்லை, கண்காணிப்பாளனாக வந்திருக்கிறேன். ஆப்சென்ட் போட்டவனும் நான், ஆப்சென்ட் ஆனவனும் நான். டீச்சர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார், அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த தடவை மறுதேர்வு எழுதலாம் சார் என்றார். வீட்டுக்கு வந்தேன். "சங்கத்துல என்னங்க, முகம் வாடியிருக்கு?" "பென்ஷன்ல ஒரு சின்ன சிக்கல்." "வந்துடும்ங்க, கவலைப்படாதீங்க"ன்னா.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. நான் மாடிப்படியில் இருந்தேன், அவள்தான் எடுத்தாள். பேசியது எங்கள் டீச்சர், மறுதேர்வைப் பற்றிச் சொல்ல. மாணவர் வீட்டுக்குப் போன் செய்தால் தெலுங்கில்தான் பேசுவது என்று அவருக்கு ஒரு விதி. இந்தப் பக்கம் இவளும் தெலுங்கில் பேச, எல்லாம் அம்பலம்! நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் போனை வைத்ததும், இவள் மூச்சுகூட விடாமல் தங்கைக்குப் போட்டாள். அப்புறம் கேட்டேன் சகலை, அந்தச் சிரிப்பை. குக்கர் விசில், சுவர், எல்லாம். "மா ஆயன பரீக்ஷ ராயலேது செல்லீ, காபலா காசாரு!" எங்க அவர் பரீட்சை எழுதலைடி, காவல் காத்திருக்கார்! ஸ்பீக்கர் இல்லை, நிறுத்தி நிறுத்திப் பேசவில்லை, அந்தப் பழைய மிக்ஸி வேகம். காலி நாற்காலிக்கு எதிரே நின்று நான் வருத்தப்பட்டதை அப்படியே நடித்துக்காட்டுகிறாள். சிவப்புப் பேனாவால் கோடு இழுத்ததைச் சொல்லும்போது அவளால் முடியவில்லை. எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. மாடிப்படியில் பேப்பரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் குரல் இறங்கியது. முதல் நாள் வகுப்பில், எதற்குத் தெலுங்கு என்று கேட்டதற்கு நான் சொன்னதை டீச்சர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைத் தங்கையிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் நடந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், எனக்குப் புரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் வீட்டில் மூச்சுவிடாதீர்கள். படிப்பை இத்தோடு நிறுத்திவிட்டேன். மறுதேர்வுக்குப் போனாலும் அந்த ஹாலில் என் கால் என்ன செய்யும் என்று எனக்கே நிச்சயமில்லை, எந்த முகத்தோடு நர்ஸம்மாவைப் பார்ப்பேன்? எனக்கு வேண்டியது ஒரு தடவை கிடைத்துவிட்டது, அதோடு திருப்தி. மைத்துனியின் காதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் அன்பும் ஆசியும். கடையில் உதவிக்கு இருக்கிறவர்களுக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் பெற்று, உங்கள் கடை மருந்து உங்களுக்கே தேவைப்படாமல் நீங்கள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த தோடல்லுடு

பின்குறிப்பு: சகலை, மேலே சொன்னதில் எதையும் செய்யாதீர்கள். காது டாக்டரிடம் போக வேண்டாம். போய்விட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன், கீழே இருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்தக் காது டாக்டர் சமாசாரத்தை மட்டும் அடிச்சிடுங்க. என் தங்கச்சிக்குக் காது நல்லாத்தான் இருக்கு." இறங்கிப் போனேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு நேரமா மாடியில சொல்லிச் சொல்லித்தானே எழுதினீங்க? இருமல் மருந்துப் பெட்டிக்குப் பின்னாடி வைக்கச் சொன்னது வரைக்கும் கேட்டுது."

எனக்கு அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. "அப்ப, வீட்டுப்பாடம்...?"

"முதல் வாரமே தெரியும்ங்க. கதவைச் சாத்திக்கிட்டு, 'இது பூனை, இது என் பூனை, என் பூனை எங்கே'ன்னு அரை மணி நேரம் தெலுங்குல கத்தினீங்களே. சங்கத்துல பூனைக்கும் பென்ஷன் தர்றாங்களோன்னு நெனச்சேன். அப்புறம்தான் தங்கச்சிகிட்ட சொன்னேன், இனிமே மெதுவாப் பேசுவோம்டி, மாடிப்படியில ஒருத்தர் படிக்கிறார்னு. என்ன பாடம்னு உங்க சத்தத்துலயே தெரிஞ்சுடும், அதையே பேசுவோம். வருஷம் பூரா கத்தரிக்கா, வெண்டைக்கா! ஒரு வம்பு பேச முடிஞ்சுதா? அவளுக்கு அலுத்தே போச்சு. சனி ஞாயிறு நீங்க பஸ் ஏறினப்புறம்தான் நாங்க ஒழுங்காப் பேசினோம்."

ஆகவே சகலை, உங்களைப் பற்றி மேலே நான் எழுதிய நற்சான்றிதழ்களும் செல்லாது. அவர்கள் உங்களைப் பற்றி உண்மையில் பேசியதெல்லாம் சனி ஞாயிறுகளில் போயிருக்கிறது.

நான் மெல்ல, "அப்ப அன்னைக்கு டீச்சர் பேசினப்புறம் நீ பேசினது?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கா... சிரிப்புல மெதுவாப் பேசணும்னே ஞாபகம் வரலைங்க. அது எங்க நிஜப் பேச்சு." சொல்லிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன், அது புரிஞ்சுதா?"

"முழுசும்."

"எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவள் தங்கையிடம் சொன்னது முழுவதையும் தெலுங்கில் ஒப்பித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். காலி நாற்காலி வந்தது, சிவப்புப் பேனா வந்தது, நான் கோடு இழுத்துக் காட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுதேர்வுக்குப் போகிறேன் என்று டீச்சருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கால் இரண்டையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட நர்ஸம்மா சம்மதித்திருப்பதாக டீச்சர் சொல்கிறார். அந்தச் சிரிப்பு, சகலை, போனில் கேட்பதைவிட எதிரில் நின்று பார்க்க இன்னும் நன்றாக இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு எழுதினேன்.

"மேஷ்டாரு, காபீ சல்லாரிபோதுந்தி!" காபி ஆறுகிறதாம். என்னிடம் அவள் தெலுங்கில் சொன்ன முதல் வாக்கியம், வாத்தியாரே என்று கூப்பிட்டு. "வஸ்துன்னா" என்று, அதாவது இதோ வருகிறேன் என்று, சொல்லியாகிவிட்டது. போகிறேன்.